ஊசி இரண்டு, உயிர் ஒன்று!

செம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை. மாலை நேரம். கையிலே சீட்டு, கண்ணிலே கலக்கம். ஒரு தாய் நிற்கிறார். கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர். படுத்த படுக்கையானதும் காலின் நாளத்திலே இரத்தம் உறைந்துவிட்டது. அவசரத்தில் சேர்த்த இடம் தனியார் மருத்துவமனை. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே உலை!

"ரெண்டும் ரத்தம் உறையாம இருக்கத்தானே அண்ணே? ஹெப்பாரின் விலை கம்மின்னாங்க. அதையே குடுங்க."

"டாக்டர் எனாக்சாபரின் எழுதியிருக்காரும்மா. நான் மாத்திக் குடுக்கக் கூடாது."

கடைக்காரர் சொன்னது சரி. அந்தத் தாய் கேட்டதும் குற்றமில்லை. அப்படிக் கேட்க வைத்தது அவர் மடியிலிருந்த பணம்!

தோழர்களே, இரண்டு ஊசியும் உறைந்ததைக் கரைப்பவை அல்ல. மேலும் உறையாமல் தடுப்பவை. மூத்தது ஹெப்பாரின். 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் முளைவிட்டது. இன்று பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கிறார்கள். (ஆசாரம் பேசுவோரும் படுக்கையில் விழுந்தால் அதைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள்!) அதன் நீண்ட சங்கிலியைத் துண்டாக்கிச் செய்தது எனாக்சாபரின்.

மருந்தின் விலையை மட்டும் பார்த்தால் ஹெப்பாரின் மலிவு. ஆனால் கட்டி கண்டவருக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சில மணிக்கொருமுறை இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் இரவெல்லாம் நர்ஸ் விழித்திருக்க வேண்டும். அந்தக் கூலியையும் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவு எங்கே போயிற்று? எனாக்சாபரினோ எடைக்கேற்ற அளவு. 60 கிலோ மனிதருக்கு 60 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கடியில், 12 மணி நேரத்திற்கு ஒன்று. பெரும்பாலோருக்கு அந்த ஓயாத சோதனை வேண்டாம். பழகிக்கொண்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் பழையதைத் தூக்கி எறிவதா? கூடாது! எனாக்சாபரின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பழுதானவர் உடலில் அது தேங்கும், இரத்தப்போக்கு மிரட்டும். அங்கே கைகொடுப்பது ஹெப்பாரின்தான். நிறுத்தினால் சில மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். புரோட்டமின் என்ற மாற்றுமருந்து அதை முழுதுமாக முறிக்கும். எனாக்சாபரினை ஓரளவே முறிக்கும். அறுவைக்குக் காத்திருப்பவருக்கு இது சின்ன வேறுபாடா?

எந்த ஊசி என்பதை நோயும் சிறுநீரகமும் சொல்லட்டும். பணப்பை ஏன் சொல்கிறது?

இரண்டும் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை. விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆயினும் 2020-இல் மூலப்பொருள் விலை ஏறியது என்று ஹெப்பாரினின் உச்சவரம்பை 50 விழுக்காடு உயர்த்தினார்கள். மூலப்பொருளுக்குச் சீனத்தை எதிர்பார்க்கும் நிலை! அங்கிருந்து போன கலப்படச் சரக்கு 2008-இல் அமெரிக்காவிலே உயிர்களைக் குடித்ததை உலகம் அறியும். ஹெப்பாரின் தட்டினால் எனாக்சாபரினும் தட்டும், தாய்ச்சரக்கு ஒன்றுதானே?

1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. உயிர்காக்கும் இந்த ஊசிகளை, எந்தக் கட்டிலில் படுத்திருக்கும் ஏழைக்கும் அந்த மொத்த விலைக்கே கொடுத்தால் என்ன?

அந்தத் தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார். அன்றைக்கு வேண்டியது இரண்டு ஊசி. ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது.