இலவச வைத்தியம் இருக்க காப்புறுதி எதற்கு?

இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. இன்றும் பெரும்பாலான நோயாளிகள் வார்டில் தங்கிச் சிகிச்சை பெறுவது அங்கேதான். அப்படியிருந்தும் தனியார் மருத்துவக் காப்புறுதி வளர்ந்து வருகின்றது. காரணம் என்ன?

சத்திரசிகிச்சைக்கு நீண்ட காத்திருப்பு ஒன்று. வெளியே வாங்கி வரும்படி எழுதித் தரப்படும் மருந்துகள் மற்றொன்று. 2022 நெருக்கடியின்போது ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. கடையைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க முடியாத வியாபாரி தனியார் வைத்தியசாலையை நாடுகிறார். பணமோ கடையின் முதலிலிருந்தே போகின்றது. குணமாகி வரும்போது சரக்குப் போடக் கையில் காசு இல்லை.

காப்புறுதி எடுக்குமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஏற்கனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குப் பணம் கிடைக்குமா? ஆண்டுக்கான உச்சத் தொகை எவ்வளவு? ஆரம்ப மாதங்களில் காத்திருப்புக் காலம் உண்டா? விண்ணப்பத்தில் நோயை மறைத்தால் பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

ஊழியர்களை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் பங்கிலிருந்து செலுத்தும் 3 வீதம் வெறும் சேமிப்பு மாத்திரமன்று. இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்வில்லை போன்றவற்றுக்கும் அந்நிதியம் அங்கத்தவர்களுக்கு உதவுகின்றது. சுயதொழில் செய்வோரும் அதில் சேரலாம்.

விபத்துக்கும் பாரிய நோய்க்கும் அரசாங்க ஆஸ்பத்திரியே இன்னும் பெருந்துணை. அது எட்டாத இடைவெளியை அளந்து, அந்த அளவுக்குக் காப்புறுதி எடுப்பதே கணக்கறிந்த வியாபாரிக்கு அழகு.