கப்பல் காசு கொடுத்தது யார்?

ஷா ஆலம் செக்‌ஷன் 7-இல் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்றிலும் குடியிருப்புகள், கடைவீடுகள், கல்லூரி மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் வீடுகள். பால்மரம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் பள்ளியின் பெயர் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கிள்ளானில் உள்ள ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரும் இதே கதைதான். கார் விற்பனைக் கூடங்களுக்குப் பேர்போன கிளன்மேரியும் ஒரு தோட்டத்தின் பெயரே.

சிலாங்கூரின் தலைநகராக ஷா ஆலம் அறிவிக்கப்பட்டது 1978 டிசம்பர் 7-ஆம் தேதி. அதற்கு முன் இந்த நிலமெல்லாம் ரப்பரும் செம்பனையும். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வந்து சேர்ந்த வழி இன்றும் அப்படியே இருக்கிறது. கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா, கிள்ளான் வழியாகப் போர்ட் கிள்ளானில் இறங்கலாம். 1901-இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். இன்றைய பெயர் 1972-இல் வந்தது. நம் முன்னோர்களில் பெருந்தொகையினர் பினாங்கிலோ இந்தத் துறைமுகத்திலோதான் கரையேறினார்கள்.

"பிழைப்பு தேடி வந்தார்கள்" என்று இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். வரலாற்றுப் பாடநூலிலும் இது சில பக்கங்கள்தான். எஸ்.பி.எம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வரலாற்றை மறுபடி படித்துப் பாருங்கள்: அவர்களுடைய கப்பல் காசைக் கொடுத்தது யார்?

முதலில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. இடையில் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம், பிடிபட்டால் சிறை. அடுத்து வந்தது கங்காணி முறை. தோட்டத்துத் துரை தன்னிடம் வேலை செய்யும் ஒருவரையே அவருடைய ஊருக்கு அனுப்புவார். அவர் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டிக்கொண்டு வருவார். தெரிந்தவர் கூப்பிட்டதால் நம்பி வந்தார்கள். அந்தத் தெரிந்தவருக்கு ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு கிடைத்தது. பயணச் செலவு இங்கேயும் தொடக்கத்தில் தொழிலாளியின் கடனாகவே நின்றது.

1907-இல் ஒரு மாற்றம் நடந்தது. என் பார்வையில் மலாயாத் தமிழர் வரலாற்றில் இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஒன்று உருவாக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களிலிருந்து புறப்பட்டவர்களின் கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து போனது. 1910-இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்களுக்கும் தடை வந்தது. ஆக, சட்டப்படி பார்த்தால் அதன் பிறகு வந்தவர் கடன் இல்லாமல் இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம்.

இதை முதலாளிகள் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் செலவு செய்து கூட்டி வந்த ஆளை அடுத்த தோட்டத்துக்காரர் இழுத்துக்கொண்டு போனதால், செலவைப் பகிர்ந்துகொள்வதே எல்லாருக்கும் லாபமாக இருந்தது. ஆனாலும் பலன் பலன்தான். கப்பல் காசு தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது.

அதே காலத்தில் இன்னொரு வகைத் தமிழரும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள், ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயில் எழுந்தது. ஒரே மொழி பேசியவர்கள்தான். ஆனால் பள்ளிச் சான்றிதழோடு வந்தவரை வழிநடத்தக் கங்காணி தேவைப்படவில்லை.

கடன் இறங்கினாலும் தோட்ட வாழ்க்கை இலேசாகிவிடவில்லை. 1920-களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்ததும் கூலியும் சரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல், மலாயாவில் கூலி குறைக்கப்பட்டதை அடுத்து, உதவித்தொகையில் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது.

மூன்றே ஆண்டுகளில் கிள்ளான் தோட்டங்கள் கொதித்தெழுந்தன. 1941-இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பள்ளி வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். கூலி உயர்வுக்குச் சமமாக இதையும் பட்டியலில் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மெர்டேகாவுக்குப் பிறகு கேள்வி கப்பல் காசிலிருந்து காகிதத்துக்கு மாறியது. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் இங்கே பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை தானாகக் கிடைத்தது. 1962-இல் அந்த விதி இறுக்கப்பட்டது. ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விவரம் தெரிந்தவர்கள் விண்ணப்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், "நம்மை யார் கேட்கப் போகிறார்கள்" என்று இருந்துவிட்டார்கள். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோதுதான் பலருக்கு அந்தக் காகிதத்தின் எடை தெரிந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வயதான தாத்தா பாட்டிகளை நம் குடும்பங்களில் இன்றும் காணலாம்.

இனி ஷா ஆலமுக்கே திரும்புவோம். மருத்துவக் கையுறை தயாரிப்பில் உலகின் மிகப்பெரிய நிறுவனமான டாப் குளோவின் தலைமையகம் செத்தியா ஆலமில் இருக்கிறது. கையுறைக்கு மூலப்பொருள் ரப்பர். அந்தத் தொழிற்சாலைகளில் நின்றவர்கள் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகார்களின் பேரில் அந்த நிறுவனத்தின் கிளைகள் இரண்டின் கையுறைகளைத் தடுத்து நிறுத்தியது. விசாரணையின் மையத்தில் இருந்தவற்றுள் ஒன்று, தொழிலாளர்கள் இங்கே வருவதற்காக ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த பணம், அதற்காக ஊரில் வாங்கிய கடன். அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேரு வட்டாரத்தில் அவர்கள் தங்கியிருந்த விடுதிகளில் கோவிட் பரவியபோது, ஒரே அறையில் எத்தனை பேர் படுத்துக் கிடந்தார்கள் என்பதை நாடே பார்த்தது. பின்னர் நிறுவனம் தொழிலாளர்களின் ஏஜெண்டு கட்டணத்துக்கு ஈடாக 130 மில்லியன் வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

1907-இல் கப்பல் காசைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அது மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அமெரிக்கா கதவை மூடும்வரை நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. ரப்பர் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவரின் மகளான ஐரின் பெர்னாண்டஸ் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக அவர்மேல் வழக்கு வந்தது. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் விடுதலையானது 2008-இல்தான்.

சட்டம் இன்று ஓரளவு மேம்பட்டிருக்கிறது. 2018 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவியை முதலாளியே கட்ட வேண்டும். பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பொருந்தும். 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் இ.பி.எப். உண்டு. இந்தியத் தரப்பில், ஆள் சேர்க்கும் ஏஜெண்டு தன் சேவைக்கு 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம். ஆனால் 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம் என்பதால், "சுற்றுலாவாகப் போ, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பி வைக்கும் ஏஜெண்டுக்கு வேலை சுலபமாகிவிட்டது. அப்படி வந்தவருக்கு மேலே சொன்ன எந்தச் சட்டமும் எளிதில் கைகொடுக்காது. புகார் கொடுக்கப் போனால் முதலில் பிடிபடுவது அவரே.

இது அடுத்தவர் கதை என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்று உலக வங்கி 2011-இல் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பகுதி சிங்கப்பூரில். மருத்துவர், பொறியாளர் மட்டும் போகவில்லை. 2017-18-இல் ஆஸ்திரேலியாவுக்குள் வந்துவிட்டு அங்கிருந்தே அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தவர்களில் மலேசியர்களே முதலிடம். போர் எதற்கும் தப்பி ஓடியவர்கள் அல்லர். சுற்றுப்பயண அனுமதியில் போய்ப் பழத்தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அவர்களில் கணிசமானோர். அங்கே ஒப்பந்தக்காரர் விடுதி வாடகையையும் வேன் கட்டணத்தையும் கூலியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். கங்காணியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த தாத்தா இருந்திருந்தால் உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

படிப்பு முடிந்ததும் வெளிநாட்டு வேலைக்கு அழைப்பு வந்தால் போங்கள். நம் குடும்பங்கள் இங்கே இருப்பதே யாரோ ஒருவர் கப்பலேறியதால்தான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைத் தேடுங்கள்: பயணச் செலவு யாருடையது, விசா கட்டணம் யாருடையது, தங்குமிட வாடகை எவ்வளவு. எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். "அதெல்லாம் அங்கே போனபிறகு பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம்.