உஷார்! சாயம் போன தண்ணீரை நம்பிப் பாய்ச்சாதீர்கள்!

தோட்டத்துக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள். "கரி போட்டுச் சுத்தம் பண்ணின தண்ணிங்க, சும்மாவே தர்றோம்" என்று யாராவது டேங்கர் லாரியோடு வந்தால் மடையைத் திறந்துவிடாதீர்கள். அது சாயப்பட்டறைக் கழிவுநீராக இருக்கலாம்.

நிறம் போய்விட்டது. உப்பு போகவில்லை!

நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு விவசாயி இப்படித்தான் ஏமாந்தார். கோடை. கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரியில் வந்தது கண்ணாடி மாதிரி இருந்தது. தென்னம்பிள்ளைகளுக்குப் பாய்ச்சினார். கொஞ்ச நாளில் ஓலை நுனி கருகியது. பாத்தியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. போதாததற்கு, "நல்ல உரம்" என்று சொல்லிக் கொட்டிப்போன கறுப்புக் கரியையும் பரப்பிவிட்டார். மழை பெய்ததும் வரப்போரம் நீலமாகக் கசிந்தது. குழந்தைகள் விளையாடுகிற இடம் அது. கேட்டபோதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஏன் இப்படி? சாயம் பருத்தியில் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் போடுவார்கள். துணியில் பிடிக்காத சாயமும் அந்த உப்பும் கழிவோடு வெளியேறும். தேங்காய்த் தொட்டியில் செய்யும் ஊக்குவித்த கரி சாயத்தை நன்றாகவே இழுக்கும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல் இருக்கும். சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கரைந்த உப்போ தங்காமல் தாண்டிப் போய்விடும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், அதில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். கரி மோசம் என்று நான் சொல்லவில்லை. கரி மட்டும் போதாது.

இன்னொன்று. ஒட்டிய சாயம் அழிந்துவிடுவதில்லை, கரிக்குள்ளேயே இருக்கிறது. காரம் ஏறினால் மறுபடி வெளியே வரும். தீர்ந்துபோன கரி அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே அது இருக்கிறது. உரமில்லை!

நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையை மறந்துவிட்டோமா? பாசனத்துக்கென்று 1992இல் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, "அந்தத் தண்ணி வேண்டாம்" என்று விவசாயிகளே கதறும்படி ஆனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. கெட்டுப்போன மண்ணும் கிணறும் தேறப் பல வருடம் ஆகும்.

அதனால் கண்ணைத் திறந்து பாருங்கள். ராத்திரியில் மட்டும் லாரி வருகிறதா? தண்ணீர் விழும் இடத்தில் நுரை நிற்கிறதா? ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள், காய்ந்தபின் வெள்ளைப் படிவு கனமாக நின்றால் ஆபத்து. நாக்கில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்! இலை ஓரம் கருகினாலும், பாய்ச்சிய மண் காய்ந்து ஓடு தட்டினாலும் அன்றைக்கே நிறுத்துங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பைக் காட்டும், சாயத்தையோ உலோகத்தையோ தனியாகக் காட்டாது. அது குறைவாகக் காட்டுகிறதே என்று குடித்துவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், பாசன நீரையும் பார்த்துச் சொல்வார்கள். லாரி எண்ணைக் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்; உங்களிடமிருந்து திரும்பிய லாரி அடுத்து அங்கேதான் போகும்.