ஒரே கதை இரண்டு பேனாவில் வந்தால்?

"பொன்னியின் செல்வ"னை விழுந்து விழுந்து படித்த ஒருவருக்கு ஒரு நாள் ஒரு கேள்வி எழுகிறது. ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றவர் யார்? கேள்வி அவரைத் தூங்க விடுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குகிறார். எழுதத் தொடங்குகிறார். பத்து அத்தியாயம் ஓடிவிடுகிறது.

பதினோராவது அத்தியாயத்தில் நண்பர் ஒருவர் வந்து சேருகிறார். "இதே கதையை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டாரே!" என்கிறார்.

அவ்வளவுதான்! பேனா நின்றுவிடுகிறது. "ஐயோ, படிக்கிறவர்கள் எல்லாரும் திருடன் என்று சொல்வார்களே!" என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது.

இப்படிப் பரண் ஏறிய நோட்டுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ! இது கைபேசியிலேயே கதை எழுதும் காலம். அமராவதி நகரில் படிக்கும் மாணவனும் எழுதலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்ணும் எழுதலாம். எழுதுகிறவர்கள் பெருகப் பெருக, "என் கதையும் அவர் கதையும் ஒன்றாகிவிட்டதே" என்ற கவலையும் பெருகுகிறது.

இந்தக் கவலை நியாயமானதா? பாதி நியாயம், பாதி வீண். எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் பேனா நிற்க வேண்டியதில்லை.

கூத்தர் கிழித்த ஏடு

இந்தப் பயம் இன்று நேற்று வந்தது அல்ல. கர்ணபரம்பரையாக வரும் கதை ஒன்று உண்டு.

சோழ மன்னன் கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் அழைத்தான். இராமாயணத்தைத் தமிழில் பாடும்படி இருவரிடமும் சொன்னான். கூத்தர் மளமளவென்று பாடி முடித்தார். கம்பரோ தாமதமாகத்தான் தொடங்கினார். ஆனால் கம்பரின் பாட்டைக் கேட்டதும் கூத்தரின் மனம் உடைந்துபோயிற்று. இதற்கு முன்னால் தம் பாட்டு நிற்காது என்று நினைத்தார். ஏடுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்தார்.

செய்தி கேட்டுக் கம்பர் ஓடிவந்தார். கூத்தரின் கையைப் பிடித்துத் தடுத்தார். அதற்குள் ஆறு காண்டமும் போய்விட்டன! மிஞ்சியது உத்தர காண்டம் ஒன்றுதான். அதைக் கம்பர் தம்முடைய ஆறு காண்டங்களோடு சேர்த்துக்கொண்டார்.

இது செவிவழிக் கதைதான்; சரித்திரம் அல்ல. ஆனால் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கி வருவது உண்மை. அவர் சாமானியப் புலவர் அல்ல. 12-ம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூன்று மன்னர்கள் மீதும் உலா பாடியவர். அப்பேர்ப்பட்டவரையே "அவரும் இதே கதையைப் பாடுகிறாரே" என்ற எண்ணம் ஆட்டி வைத்தது என்று நம் முன்னோர் கதை கட்டியிருக்கிறார்கள்.

கம்பருக்கு மட்டும் அது சொந்தக் கதையா? இல்லை. வால்மீகியின் வழியில் பாடுவதை அவர் மறைக்கவில்லை. காவியத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்.

நளன் கதையும் அப்படித்தான். புகழேந்தி அதை வெண்பாவில் பாடினார். பிற்காலத்தில் அதிவீரராம பாண்டியர் அதே கதையை "நைடதம்" என்ற பெயரில் பாடினார். பாண்டியரைத் திருடர் என்று எவரும் சொல்லவில்லை. இரண்டும் தமிழில் நிலைத்து நிற்கின்றன.

கல்லில் கிடந்த கதை

இனி ஆதித்த கரிகாலனைப் பார்ப்போம்.

கல்கி "பொன்னியின் செல்வ"னைத் தம் பத்திரிகையில் 1950-ல் தொடங்கி 1954-ல் முடித்தார். ஐந்து பாகம்! அப்படியும் வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. பிறகு என்ன ஆயிற்று, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை ஒன்று எழுதிச் சமாதானம் சொன்னார். ஆனாலும் கரிகாலன் கொலை மர்மமாகவே நின்றுவிட்டது.

அந்த மர்மம் கல்கியின் கற்பனை அல்ல. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. அவர்களுடைய உடைமைகள் பற்றிய நடவடிக்கையையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை! நீலகண்ட சாஸ்திரியார் 1935-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சோழர் வரலாற்றில் உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். வேறு அறிஞர்கள் அதை மறுத்தார்கள்.

கேள்வி கல்லிலேயே இருக்கிறது. பதில் எங்கும் இல்லை. அப்படியானால் பத்துப் பேர் பதில் எழுதத்தானே செய்வார்கள்?

எழுதினார்கள். கல்கி விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி"யைத் தொடங்கினார். அகிலன் இராஜேந்திர சோழனை வைத்து "வேங்கையின் மைந்தன்" எழுதினார். அதற்கு 1963-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. பாலகுமாரன் "உடையா"ரை ஆறு பாகங்களில் எழுதினார். அனுஷா வெங்கடேஷ் "காவிரி மைந்தன்" தந்தார். காலச்சக்கரம் நரசிம்மா "சங்கதாரா"வில் கொலை மர்மத்தையே கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரே குடும்பத்தின் கதை. ஆனால் ஒன்றைப் படித்தவர் மற்றொன்றை "படித்த கதைதானே" என்று கீழே வைப்பதில்லை. மணிரத்னம் 2022-லும் 2023-லும் அதைத் திரையில் இரண்டு பாகங்களாகக் கொடுத்தபோது, புத்தகத்தைப் பலமுறை படித்தவர்களும் கொட்டகைக்குப் போனார்கள்.

இங்கே நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பது தஞ்சைக் கல்வெட்டில் உள்ள செய்தி. அதை யாரும் எடுக்கலாம். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் மூளையில் பிறந்தவர்கள். அவர்களை எடுப்பவர் கல்கிக்கு நன்றி சொல்லித்தான் எடுக்க வேண்டும். கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் சட்டத் தடை இல்லை. மரியாதை மட்டும் பாக்கி இருக்கிறது.

காங்கயத்து உடுக்கை

பொன்னி என்னும் காவிரியில் கரூர்ப் பக்கம் வந்து கலக்கும் ஆறு அமராவதி. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையின் அடியில் இருப்பது அமராவதி நகர். 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளியால் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வடக்கே தாராபுரம் தாண்டிப் போனால் காங்கயம் சீமை. இந்தக் கொங்கு வட்டாரத்துக்கே சொந்தமான கதை ஒன்று உண்டு. அதுதான் அண்ணன்மார் சாமி கதை. பொன்னர் - சங்கர் கதை என்றாலும் அதுதான்.

அதை எழுதியவர் யார்? யாருக்கும் தெரியாது! உடுக்கை அடித்துப் பாடும் புலவர்கள் இரவு இரவாகப் பாடி வந்த கதை அது. ஒருவர் பாடுவது போல் மற்றொருவர் பாடமாட்டார். ஒருவர் தங்கை தங்காளின் துயரத்தில் ஊரை அழ வைப்பார். இன்னொருவர் கொம்பன் என்னும் காட்டுப் பன்றியோடு நடந்த சண்டையிலே இரவைக் கழித்துவிடுவார். "போன வருஷம் கேட்ட கதைதானே" என்று எழுந்து போகிறவர் உண்டா? கதை தெரிந்தவர்தான் முதல் வரிசையில் உட்காருவார்!

பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி 1965-ல் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு 1982-ல் ஒரு நூலே எழுதினார். கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் கதையைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி அதே கதையைப் "பொன்னர் - சங்கர்" என்ற சரித்திர நாவலாக எழுதினார். 2011-ல் அது சினிமாவாகவும் வந்தது. உடுக்கைப் பாட்டு அதனால் குறைந்துவிடவில்லை. நாவலும் அதனால் களவு ஆகிவிடவில்லை.

வழக்கு மன்றம் ஏறிய நாடகம்

"பழங்கதைகளுக்கு இது சரி. சொந்தமாகக் கற்பனை செய்த கதையை ஒருவர் எடுத்துக்கொண்டால்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. அதில் தமிழ்நாட்டுச் சம்பந்தமும் உண்டு.

ஆர். ஜி. ஆனந்த் என்பவர் 1953-ல் "ஹம் ஹிந்துஸ்தானி" என்ற இந்தி நாடகத்தை எழுதினார். டில்லியில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும் வாழ்கின்றன. பிள்ளைகள் காதலிக்கிறார்கள். பெற்றோர் மாகாண வெறியால் தடுக்கிறார்கள். இதுதான் நாடகம். 1956-ல் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த "நியூ டில்லி" படம் வந்தது. பஞ்சாபிப் பையன்; தமிழ்ப் பெண்; அதே மாகாண வெறி! நாடக ஆசிரியர் வழக்குத் தொடர்ந்தார்.

தீர்ப்பு 1978-ல் வந்தது. ஆசிரியர் தோற்றார். கரு, கதைப் பொருள், சரித்திரச் செய்தி, புராணச் செய்தி ஆகியவற்றுக்கு எவரும் பதிப்புரிமை கோர முடியாது என்று கோர்ட்டு சொன்னது. அந்தக் கருவை ஒருவர் சொல்லியிருக்கும் விதத்துக்கே உரிமை. இரண்டையும் பார்த்த சாதாரண மனிதருக்கு "இது அதன் நகல்தான்" என்று சந்தேகம் இல்லாமல் தோன்றினால் அது குற்றம். படத்திலோ மாகாண வெறியோடு வீடு வாடகைக்குக் கிடைக்காத தொல்லையும் வரதட்சணைக் கொடுமையும் சேர்ந்திருந்தன. ஆகவே அது வேறு கதை என்று முடிவாயிற்று.

ஒரு ஓட்டு, இரண்டு கதை

சமீப காலத்தில் தமிழ்நாட்டிலேயே ஒரு தகராறு எழுந்தது. ஒருவர் ஓட்டுப் போடப் போகிறார். அவர் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்! இதைக் கருவாகக் கொண்டு 2018 தீபாவளிக்கு "சர்கார்" படம் வந்தது. கள்ள ஓட்டைக் கருவாக வைத்துத் தாம் "செங்கோல்" என்ற கதையை எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் 2007-லேயே பதிவு செய்ததாக வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் புகார் செய்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு என்றார். கதை தம்முடையதே என்றார் இயக்குநர் முருகதாஸ். சென்னை ஐகோர்ட்டில் சமரசம் ஏற்பட்டது. படத்தில் வருணின் பெயரைக் குறிப்பது என்று முடிவாயிற்று.

தேர்தல் சட்டமும் கள்ள ஓட்டும் நாட்டுக்கே பொது. இரண்டு பேர் தனித்தனியே அதில் கதை காண்பது நடக்கக் கூடியதே. ஆனால் பணமும் பெயரும் வரும் இடத்தில் சிறியவர் பெயர் மறைந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானதே. முன்னே சொன்ன பாதி நியாயம் இதுதான்.

எது திருட்டு?

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மில்லிலிருந்து நூல் வருகிறது. ஒரே மாதிரி நிட்டிங் மெஷினில் துணி ஓடுகிறது. பத்துக் கம்பெனியும் வெள்ளைப் பனியன்தான் போடுகின்றன. "பக்கத்துக் கம்பெனியும் வெள்ளைப் பனியன் போடுகிறதே" என்று எந்த முதலாளியும் மெஷினை நிறுத்துவதில்லை. தையல், அளவு, துணியின் கனம் ஆகியவற்றில் தம் கை தெரிந்தால் போதும் என்று இருக்கிறார். ஆனால் பக்கத்துக் கம்பெனி லேபிளைத் தைத்து விற்றால்? போலீஸ் வந்துவிடும்!

கதையும் இப்படித்தான். கரு என்பது நூல். சொல்லும் விதம் தையல். அடுத்தவர் எழுதிய வரியையும், காட்சிக்குக் காட்சி அவர் அமைத்த வரிசையையும் எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் திருட்டு.

ஆகவே எழுதப் புகுகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தமக்கு முன்னே அதே பொருளில் யார் எழுதினார் என்று தேடிப் படிக்க வேண்டும். படித்தால்தான் அவர் போகாத வழியில் போக முடியும். யாருடைய கதையிலிருந்து தம் கதை முளைத்தது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் பிரதியில் தேதி போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். எழுதிய உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் சாட்சியாக உதவும்.

இன்னொன்று: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை அவருடைய நூலுக்கு உரிமை உண்டு. நாட்டுடைமை ஆகாத நூலின் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதி அச்சிட்டு விற்க நினைப்பவர், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் இன்னொருவர் கதை ஒத்துப் போனால் போகட்டும்! பரணில் கிடக்கும் நோட்டைத் தூசி தட்டி எடுத்துப் பதினோராவது அத்தியாயத்தை எழுதலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்கு இன்னொருவர் சொல்லும் பதிலையும் கேட்கத் தமிழ் வாசகர்கள் தயாராகவே இருக்கிறார்கள்.