ஒரு சுருளில் இரு புகை

புகையிலை என்பது தமிழ்ச் சொல். ஆயின் புகையிலை தமிழ்நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடியை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். வந்த செடிக்குத் தமிழர் தாமே பெயரிட்டனர். அதைத் தூதாக அனுப்பிச் சீனிச்சக்கரைப் புலவர் 'புகையிலைவிடு தூது' பாடும் அளவுக்கு அது நம்மிடையே இடமும் பெற்றது. கஞ்சாவோ இந்தியாவில் மிகப் பழையது. அரைத்துப் பாலிலும் இனிப்பிலும் கலந்து உண்பது நெடுநாள் வழக்கம். இவ்விரண்டும் சிலும்பியில் ஒன்று சேர்ந்தன. 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, கஞ்சாவைப் புகையிலையோடு பிசைந்து புகைக்கும் பழக்கத்தைத் தன் அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ஆதலின் இன்று கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஓர் இளைஞன் சிகரெட்டைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் கஞ்சாவோடு கலந்து மீண்டும் சுருட்டுவது புதுமையன்று. சுருட்டும் கையின் வயதே நம்மை வருத்துகிறது.

கலப்பதற்குக் காரணங்கள் உண்டு. கஞ்சா விலை மிக்கது; புகையிலை அதைப் பெருக்கிக் காட்டும். தனிக் கஞ்சா சீராக எரியாது. புகையிலை சேர்ந்தால் அணையாது. ஆனால், "நான் சிகரெட் பிடிப்பதில்லை, எப்போதாவது அது மட்டுந்தான்" என்று சொல்லும் பையன், தன்னை அறியாமலே நிக்கோட்டினையும் உட்கொள்கிறான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பள்ளி மாணவரை இருபத்து நான்கு வயதளவும் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குச் சான்று. சிகரெட் பழக்கமில்லாமல், பதின்ம வயதில் வாரந்தோறும் கஞ்சா புகைத்தோர் பின்னர்ப் புகையிலையைத் தொடங்கும் வாய்ப்பு, மற்றவரைவிட எட்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். சிகரெட்டே கஞ்சாவுக்குப் படி என்று மேடைதோறும் பேசிவருகிறோம். படி இறங்கவும் பயன்படும் என்பதை மறந்துவிட்டோம்.

மூளையில் இவை தொடும் இடங்கள் வேறு. கஞ்சாவின் மயக்கப் பொருளை 1964இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் பிரித்தறிந்தனர். அது சென்று பற்றும் அதே இடத்தைத் தொடும் இயற்கைப் பொருள் ஒன்று மூளையிலேயே ஊறுவதை 1992இல் கண்டு, 'ஆனந்தம்' என்னும் நம் நாட்டுச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். நிக்கோட்டின் வேறு வாயிலில் நுழைகிறது. இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டி, மறுபடியும் கேட்கத் தூண்டுகிறது. திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் முன்மூளை இருபத்தைந்து வயதையொட்டியே முதிர்ச்சி அடைகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு இவற்றுள் ஒன்றே மிகை.

உண்மையான சிக்கல் விடும்போது தெரியும். நிக்கோட்டினை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பாடத்தில் மனம் நில்லாமை. கஞ்சாவை நிறுத்தினாலும் ஏறத்தாழ அவையே. எதற்காக உடல் ஏங்குகிறது என்பது அவனுக்கே விளங்காது. கஞ்சாவை விட்டவன் சிகரெட்டைக் கூட்டுகிறான். ஒவ்வொரு சிகரெட்டும், அதைக் கையில் பிரித்த பழைய நினைவை எழுப்புகிறது. "அதை விட்டுட்டான் ஐயா, இப்ப வெறும் சிகரெட்டுதான்" என்று தாய்மார் நிம்மதியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 'வெறும்' என்ற சொல்லைத்தான் நான் அஞ்சுகிறேன்.

அவர்கள் அவ்வாறு நினைப்பதற்குச் சட்டமும் காரணம். 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல் என்று கொள்ளப்படும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டதேயன்றி மரண தண்டனை நீங்கவில்லை. உட்கொண்டது உறுதியானால் ஈராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம். அதன்பின் ஈராண்டுக்குக் குறையாத கண்காணிப்பு. இத்துணைக் கடுமைக்கு அருகில் சிகரெட் சிறு குறும்பாகத் தோன்றுவது இயல்பு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகைப்பொருள் விற்பதை 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டமும் தடுக்கிறது; ஒட்டுக்கடைக்காரர் எல்லாரும் அதைப் படித்தார்களா என்பது வேறு செய்தி.

இடையில் வேப் புகுந்துவிட்டது. பதின்ம வயதினருள் அதைப் பயன்படுத்துவோர் 2017இல் நூற்றுக்கு 9.8 பேர், 2022இல் 14.9 பேர் என்கிறது சுகாதார அமைச்சின் கணக்கெடுப்பு. சில திரவங்களில் செயற்கைக் கஞ்சாப் பொருள்கள் கலந்திருந்தமை போலீசாரின் சோதனைகளில் வெளிப்பட்டது. சுருட்டும் வேலையும் போயிற்று, வாடையும் போயிற்று.

தோட்டங்கள் அடுக்குமாடி வீடுகளாயின. பல பள்ளிகளில் 'தோட்டம்' பெயரில் மட்டும் நிற்கிறது. பன்னிரண்டு வயதில் நம்மை விட்டுச் செல்லும் பிள்ளை, பதினைந்தில் வாயிற்புறம் வந்து நிற்கும்போது என்ன கேட்பது? கஞ்சாவைப் பற்றி மட்டும் கேட்டால் இல்லை என்பான். சிகரெட்டைப் பற்றி மட்டும் கேட்டால் சிரிப்பான். எதில் சுருட்டினாய், எதைக் கலந்தாய் என்று குரலை உயர்த்தாமல் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். அரசுச் சுகாதார நிலையங்களில் புகையை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கிறது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்கவும் இடமுண்டு. இரண்டு வாயில்களுக்கும் அவன் தனியே போகமாட்டான். தந்தையோ தாய்மாமனோ உடன்போக, இரண்டு பழக்கங்களையும் ஒரே நாளில் சொல்லிவிடுவது நல்லது.