இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வில் உடற்பயிற்சியும் கைமுறைச் சிகிச்சையும்: ஆய்வுச் சான்றுகள் காட்டும் முரண்

ஆய்வுச் சுருக்கம்

இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு இயன்முறை மருத்துவம் இரு வழிகளில் சிகிச்சை தருகிறது. ஒன்று நோயாளியே செய்யும் உடற்பயிற்சி. மற்றொன்று சிகிச்சையாளர் தம் கைகளால் மூட்டை அசைத்தும் இழுத்தும் அளிக்கும் கைமுறைச் சிகிச்சை. இரண்டையும் சேர்த்தால் பயன் கூடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பு சமவாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வுகளில் எந்த அளவிற்கு நிறுவப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூட்டுத் தேய்வு, இயன்முறை மருத்துவம், கைமுறைச் சிகிச்சை, உடற்பயிற்சி, வோமாக் அளவீடு.

முன்னுரை

'மூட்டுத் தேய்மானம்' என்ற வழக்குச்சொல் இந்நோயைப் பயன்பாட்டால் தேயும் எந்திர உறுப்பின் நிலையோடு ஒப்பிடுகிறது. அச்சொல்லைக் கேட்கும் நோயாளி, நடந்தால் மேலும் தேயும் என அஞ்சி அசைவைக் குறைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. உண்மையில் இது குருத்தெலும்பை மட்டும் பாதிக்கும் நோயன்று. குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பு, மூட்டுச் சவ்வு, மூட்டுறை, சுற்றியுள்ள தசைகள் ஆகிய அனைத்தும் இதில் மாற்றமடைகின்றன. குருத்தெலும்பில் இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டின் அசைவால் பரவும் மூட்டுநீரிலிருந்தே அது பெரும்பாலும் ஊட்டம் பெறுகிறது. அசைவின்மையால் தொடைத் தசைகள் நலிகின்றன, மூட்டின் மீதான கட்டுப்பாடு குறைகிறது, வலி மிகுகிறது. இச்சுழற்சியை முறிப்பதே இயன்முறை மருத்துவத்தின் நோக்கமாகும்.

இரு வழிகளின் இயல்பு

உடற்பயிற்சி தசை வலிமையையும் நடைத்திறனையும் வளர்க்கிறது. அதன் பயன் தொடர்ந்து செய்வதைப் பொறுத்தது. கைமுறைச் சிகிச்சை இறுகிய மூட்டுறையை நெகிழ்த்தி அசைவெல்லையை விரிக்க முயல்கிறது. நரம்பு மண்டலத்தின் வழியாக வலியுணர்வையும் தணிக்கிறது. இழந்த குருத்தெலும்பை இவ்விரண்டும் மீட்டுத் தருவதில்லை.

தொடக்கச் சான்றுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள இராணுவ மருத்துவமனையொன்றில் முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 83 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் கைமுறைச் சிகிச்சையுடன் உடற்பயிற்சியும், மறுகுழுவினர் பயன்தராத அளவில் ஒலியலைச் சிகிச்சையும் பெற்றனர். ஓராண்டு முடிவில் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டோர் முதற்குழுவில் 5 விழுக்காடு. மறுகுழுவில் 20 விழுக்காடு. எனினும் இரு சிகிச்சைகளும் ஒருங்கே தரப்பட்டமையால், பயனுக்கு எது காரணம் என்பதைப் பிரித்தறிய இயலவில்லை.

2004இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு, இடுப்பு மூட்டுத் தேய்வுடைய 109 பேரிடம் இரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஐந்து வாரங்களின் பின் முன்னேற்றம் கண்டோர் கைமுறைச் சிகிச்சைக் குழுவில் 81 விழுக்காடு. உடற்பயிற்சிக் குழுவில் 50 விழுக்காடு.

டனீடன் ஆய்வு

இரு வழிகளையும் தனித்தும் இணைத்தும் சோதித்த முதன்மையான ஆய்வு நியூசிலாந்தின் டனீடன் நகரில் நிகழ்ந்து 2013இல் வெளியானது. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 206 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர், அதனுடன் கைமுறைச் சிகிச்சை பெற்றோர், உடற்பயிற்சி பெற்றோர், இரண்டும் பெற்றோர். வலி, விறைப்பு, செயலிழப்பு ஆகியவற்றை 24 வினாக்களால் அளக்கும் வோமாக் அளவீடு (0 முதல் 240 வரை) ஓராண்டு முடிவில் ஒப்பிடப்பட்டது. இதில் புள்ளி குறைவது முன்னேற்றத்தைக் குறிக்கும்.

வழக்கமான மருத்துவத்தைவிடக் கைமுறைச் சிகிச்சைக் குழுவில் 28.5 புள்ளிகளும், உடற்பயிற்சிக் குழுவில் 16.4 புள்ளிகளும், இணைப்புக் குழுவில் 14.5 புள்ளிகளும் கூடுதலாகக் குறைந்தன. இவற்றுள் முதலாவதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி மட்டுமே (9.2 முதல் 47.8 வரை) சுழியத்தைத் தவிர்த்தது. மறுபுறம், உடலியக்கத் திறன் சோதனைகளில் உடற்பயிற்சிக் குழுவே சிறந்து விளங்கியது. ஆகவே நோயாளி உணரும் நலமும் சோதனையில் வெளிப்படும் திறனும் ஒன்றல்ல என்பது புலனாகிறது.

இணைப்புக் குழு முந்தாமை கருதத்தக்கது. வரையறுத்த அமர்வுகளுக்குள் இரண்டையும் அடக்கும்போது ஒவ்வொன்றின் அளவும் குறைந்திருக்கலாம். அவ்வாறாயின், இம்முடிவு இரு சிகிச்சைகளின் பகைமையை அன்று, நேரப் பங்கீட்டின் சிக்கலையே சுட்டுவதாகும்.

மாறுபட்ட முடிவு

2014இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு இவ்வாதத்தை மேலும் சிக்கலாக்குகிறது. இடுப்பு மூட்டுத் தேய்வுடைய 102 பேரில் ஒரு குழுவினர் கைமுறைச் சிகிச்சை, வீட்டுப்பயிற்சி, அறிவுரை ஆகியன அடங்கிய பத்து அமர்வுகளைப் பெற்றனர். மறுகுழுவினர் இயங்காத ஒலியலைக் கருவியால் போலிச் சிகிச்சை பெற்றனர். இரு குழுக்களும் முன்னேறின. அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. லேசான பக்கவிளைவுகளோ உண்மைச் சிகிச்சைக் குழுவில் 41 விழுக்காட்டினருக்கும், போலிச் சிகிச்சைக் குழுவில் 14 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. சிகிச்சையாளரின் கவனமும் நோயாளியின் நம்பிக்கையும் நலத்தில் பெரும்பங்கு வகிக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. வழக்கமான மருத்துவத்தோடு மட்டும் ஒப்பிட்ட டனீடன் ஆய்வில் இக்கூறு பிரிக்கப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

வழிகாட்டு நெறிகள்

இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிகள் மூட்டுத் தேய்வுடைய அனைவருக்கும் அவரவர்க்கேற்ற உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. கைமுறைச் சிகிச்சையை இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்கு மட்டும், அதுவும் உடற்பயிற்சியோடு சேர்த்தே கருதலாம் என்கின்றன. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு நெறியோ, உடற்பயிற்சியுடன் கைமுறைச் சிகிச்சையைச் சேர்ப்பதற்கு எதிராக நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இரு சிகிச்சைகளின் பயன் எளிய கூட்டல் கணக்கிற்கு உட்படுவதன்று. இரண்டாவது, பயனை எவ்வளவீட்டால், எக்குழுவோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்றாவது, சிகிச்சையாளரின் நேரம் அரிதாக உள்ள இடங்களில் அதனை எதற்குச் செலவிடுவது என்பது மருத்துவ வினாவாக மட்டுமின்றி அறவினாவாகவும் அமைகிறது. கைமுறைச் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் சிகிச்சையாளர் தேவை. கற்றுக்கொண்ட பயிற்சியோ நோயாளியுடனேயே வீட்டிற்குச் செல்கிறது. எனவே உடற்பயிற்சியை அடித்தளமாகவும், வலியும் விறைப்பும் பயிற்சிக்குத் தடையாகும்போது கைமுறைச் சிகிச்சையைத் துணையாகவும் கொள்வதே இன்றைய சான்றுகளோடு பொருந்துவதாகும்.