அப்புத்தளையில் ஒரு பிரபு வீட்டுப் பேரன்

அப்புத்தளையிலிருந்து தங்கமலைக் காட்டை ஒட்டிப் போகும் பாதை ஆடிஷாம் மாளிகையில் முடிகிறது. கருங்கல் சுவர், உயர்ந்த புகைபோக்கி, ரோஜாத் தோட்டம். இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதிகளில் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, துறவிகள் செய்யும் ஜாம் போத்தல்களையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

1931இல் இதைக் கட்டியவர் சர் தாமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். 1869இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆடிஷாம் என்ற ஊரில் பிறந்தவர். தாயைப் பெற்றவர் ஜான் ரஸ்ஸல் பிரபு, இருமுறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். தந்தை வழியோ கிளாரண்டன் பிரபுக்களின் குடும்பம். 1887இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த இளைஞர், ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவரானார். ஐரோப்பியர் சார்பில் சட்டசபையிலும் அமர்ந்தார்.

பத்துப் பவுண்டோடு வந்து தன் உழைப்பால் உயர்ந்தவர் என்றே அவர் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் உழைத்திருக்கலாம். ஆனால் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குச் சின்னத்துரை என்ற உதவி மேலாளர் வேலை, தோட்ட மேலாளரான பெரியதுரையின் பங்களாவுக்கு ஏறும் முதல் படி. அதே மலையில், விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலியான அரைப்பேரோடு வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிய தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு படி கிடையாது. ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொழிலாளியைக் கட்டிப்போட்ட அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

மாளிகை எழுந்த அதே 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அதைப் பரிந்துரைத்த ஆணைக்குழுவின் தலைவர் டொனமூரும் பரம்பரைப் பிரபுதான். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு கிடைத்தது. அட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போன பெரி சுந்தரம் தொழில் அமைச்சரானார். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லையேல் தகப்பனைப் பெற்றவரும் அவரைப் பெற்றவரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கே பிறப்புச் சான்று இல்லாத காலம் அது. பாட்டனுக்கும் பூட்டனுக்கும் எங்கே போவது? கோப்பிக் காடுகளை உருவாக்க இந்தியாவிலிருந்து வந்து, மலைக்கு நடந்தே ஏறியவர்களின் வாரிசுகள் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்கும் பறிபோனது.

வில்லியர்ஸ் முதுமையில் இங்கிலாந்து திரும்பி, 1959இல் காலமானார். போகவும் வரவும் அவருக்கு ஒரு தடையும் இருந்ததில்லை. ஆனால் அப்புத்தளை அடங்கிய ஊவாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி, தாங்கள் பார்த்தே இராத இந்தியாவுக்குத் தலைமன்னார் வழியாக அனுப்பப்பட்டன. பிள்ளை ஒரு கரை, பெற்றவர் ஒரு கரை என்று பிரிந்த வீடுகள் பல.

மாளிகையைக் காட்டி வில்லியர்ஸின் குடிப்பெருமை சொல்கிறவர்கள், கீழே தெரியும் லயங்களின் இந்த வரலாற்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.